பால் குடிக்கும் வரை

ஐஸ் தொழிற்சாலையில் பாளம் இழுக்கும் வேலை பெண்களுக்கு ஆகாது என்று சொன்னவர்கள் எல்லாம் இப்போது அவளைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். இரும்புக் கொக்கியை ஓங்கிப் பாளத்தின் தலையில் இறக்குவாள். ஒரே இழுப்புதான். ஆள் உயரப் பாளம் ஈரத் தரையில் சறுக்கிக்கொண்டு வந்து அரவை இயந்திரத்தின் வாயில் முட்டும். உள்ளே பற்சக்கரங்கள் அதைக் கடித்து நொறுக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. சில்லுகள் தெறித்துக் கன்னத்தைக் கிழிக்கும். துடைத்துக்கொண்டு அடுத்த பாளத்துக்குப் போவாள். ஐஸ்காரி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது.

"இந்தக் கொக்கியப் பார்த்தாலே ரெண்டு எட்டு தள்ளி நிக்கத் தோணுது," என்பான் இயந்திரம் ஓட்டுகிறவன். "உன் வீட்டுக்காரன் எந்த தைரியத்துல உன் மேல கைய வச்சானோ தெரியல."

"கொக்கிய இங்கதானே வச்சிட்டுப் போவேன்," என்பாள் அவள்.

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை அடிகள் இருந்தன என்று அவள் முதுகுக்கு மட்டும்தான் தெரியும்.

கணவன் டயர் கடை வைத்திருந்தான். சக்கரத்திலிருந்து டயரைப் பிரித்தெடுக்கும் நீளமான இரும்புப் பட்டை எப்போதும் அவன் கையில் இருக்கும். குழம்பில் உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. முதலில் கையால் அடித்தான். பிறகு அந்த இரும்பால் அடித்தான். வயிற்றில் பிள்ளை இருந்தபோது மாடிப்படியில் பிடித்துத் தள்ளினான். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கியதால் அன்றைக்கு இரண்டு உயிர்கள் பிழைத்தன. பிரசவம் முடிந்ததும் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அண்ணன் முடி திருத்துகிறவன். முன்னால் கடை, பின்னால் ஒரே அறை. தொழிற்சாலைக்கு எதிர்ச்சாரியில்தான் இருந்தது. "உனக்கு இல்லாத இடமா," என்று சொல்லிவிட்டுத் தன் பாயை எடுத்துக் கடைக்குள் விரித்துக்கொண்டான். அவள் வேலைக்குப் போன நேரத்தில் தொட்டிலை ஆட்டியதும் அவன்தான்.

டயர்காரன் சும்மா இருப்பானா? மறுவாரமே வந்து கடைக் கதவை உதைத்தான். குறுக்கே வந்த மச்சானின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். ஒரு விரல் ஒடிந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல். இன்றைக்கும் அந்த விரல் மடங்காது. நடு விரலைக் கொண்டு சமாளித்து வெட்டுகிறான்.

இரண்டு பக்கத்துக்கும் உறவான பெரிய மாமா வந்துதான் பஞ்சாயத்துப் பேசினார். சவரம் செய்கிற சுழல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். டயர்காரன் ஒருபக்கம் நின்றான். அவனுடைய அக்கா பக்கத்தில் நின்றாள். அவள் தையல்காரி. குழந்தை இல்லாதவள். கணவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுடைய கண் மட்டும் பேச்சில் இல்லை. பிள்ளையின் மீதே இருந்தது.

"பால் குடிக்கிற வரைக்கும் பிள்ளை அம்மாகிட்ட இருக்கட்டும்," என்றார் பெரிய மாமா. "சோறு திங்க ஆரம்பிச்சா அப்பன் வீடு. தையல்காரி வளர்ப்பா. அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை அவ வந்து பார்த்துட்டுப் போகட்டும். அவன் இந்தப் பக்கமே வரக் கூடாது. மீறுறவங்க என் மூஞ்சியில முழிக்க வேணாம்."

ஜெயித்தது தான்தான் என்று இரண்டு பக்கமும் நினைத்தது. பிள்ளை சோறு தின்ன எத்தனை நாள் ஆகப்போகிறது என்று டயர்காரன் மீசையைத் தடவினான். பால் என் உடம்பில் ஊறுவது, அதை யார் நிறுத்த முடியும் என்று ஐஸ்காரி மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்று வயது வரை கொடுப்பேன், நான்கு வயது வரை கொடுப்பேன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். பால் குடிக்கிறவரை பிள்ளை என்னுடையது. அந்த ஒரு நினைப்பு அவள் கண்ணைக் கட்டிவிட்டது.

வேலைக்கு நடுவே கொக்கியைச் சாய்த்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடி வருவாள். ஐஸில் விறைத்த கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவாள். அவன் குடிப்பான். கொழுகொழுவென்று வளர்ந்தான். ஆறு மாதம் ஆனபோது அண்ணன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். பிள்ளை அவன் கையையே பார்த்தது. வெறும் வாயை மென்றது. எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

"ஆசையாப் பாக்குறான். துளி மசிச்சுக் குடுக்கட்டுமா?"

"கைய வெட்டிடுவேன் அண்ணா."

அண்ணன் பழத்தோடு வெளியே போய் நின்று தின்றான். அதற்குப் பிறகு பிள்ளைக்கு எதிரில் யாரும் எதையும் வாயில் போடுவதில்லை என்று அந்த வீட்டில் சட்டம் ஆயிற்று.

எட்டாவது மாதம் முடிந்தபோது பிள்ளையின் சிரிப்பு குறைந்தது. உட்கார வைத்தால் சாய்ந்தான். எந்நேரமும் தூக்கம், விழித்தால் சிணுங்கல். உதடு வெளுத்துக் காகிதம் போல ஆகிவிட்டது. பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். நர்ஸ் அவனுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"என்ன குடுக்கிற?"

"பால்."

"பாலோட?"

"பால்தான்."

நர்ஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "ஏம்மா, ஆறு மாசம் வரைக்கும் பால் மட்டும் போதும். அதுக்கு மேல அது பத்தாது. பிள்ளைக்கு ரத்தமே இல்ல. இரும்புச்சத்து எங்கேருந்து வரும்? இவன் வயித்துப் பசிய நீ கட்டிப் போட்டு வச்சிருக்க."

"என் பால்ல குறையா?"

"உன் பால் தங்கம். அத யாரு நிறுத்தச் சொன்னா? அதையும் குடு, சோறும் குடு. பருப்பு, கிழங்கு, முட்டை, கறி, எல்லாம் நல்லா வெந்து மசிஞ்சிருக்கணும். தண்ணி மாதிரி கரைக்காத, கரண்டியில நிக்கணும். நிமிர்த்தி உட்கார வச்சு ஊட்டு. மூஞ்சியத் திருப்பினா விட்டுடு. வாயத் தொறந்து திணிக்கிற வேலை மட்டும் வேணாம்."

எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தோடு இன்னொன்றையும் அவள் சொல்லிக்கொடுத்தாள். தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடிக்க வேண்டும். மேசையில் கிடந்த பொம்மையை எடுத்து அடித்தே காட்டினாள். அந்தச் சத்தத்தில் ஐஸ்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

வீடு வரும்வரை அவள் அழவில்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது அப்பன் அடித்தான், நான் பெற்றெடுத்துப் பட்டினி போட்டேன், இரண்டு பேரில் யார் பெரிய பாவி? மறுபடி அறைந்தாள். அண்ணன் ஓடி வந்து கையைப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"சோறு குடுத்தா பிள்ளை போயிடும் அண்ணா. குடுக்கலைன்னாலும் போயிடும்."

"குடு," என்றான் அண்ணன். "கதவச் சாத்திட்டுக் குடு. நான் ரேடியோவச் சத்தமா வைக்கிறேன்."

அப்படித்தான் திருட்டுத்தனமாக அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தொடங்கினாள். காலையில் வேலைக்குப் போகுமுன் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துத் தன் பாலையே பீய்ச்சிக் கலந்து, விரல் நுனியில் எடுத்து உதட்டில் வைத்தாள். நாக்கு வெளியே தள்ளியது. மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளியது. முகத்தைச் சுளித்து அவளை முறைத்தான். இதையா இவ்வளவு நாளாக ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்பது போல் இருந்தது. சில நாட்களில் கிண்ணத்தின் சத்தம் கேட்டாலே வாயைத் திறந்துகொண்டு எம்பினான். அவள் விரலையே கடித்தான். முளைத்துவரும் பல் சுருக்கென்று இறங்கியபோது அவளுக்கு வலிக்கவில்லை. பருப்பும் சோறும் போயிற்று. முட்டையின் மஞ்சள் கரு போயிற்று. கன்னத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. தின்று முடித்ததும் வாயைத் துடைத்து, ஈறைத் துடைத்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து, கடைசியில் அவன் வாயை மோந்து பார்ப்பாள். பால் வாசனை மட்டும் வரும்வரை துடைப்பாள். வேலை முடிந்ததும் கொக்கியைத் தொழிற்சாலையில் விட்டுவிட்டு வருவதையும் நிறுத்தினாள். அது இப்போது கதவுக்குப் பின்னால் தொங்கியது.

வாயை மறைத்தவளுக்கு மறுபக்கம் மறந்துபோயிற்று.

தையல்காரி வாரம் தவறாமல் வருவாள். வெட்டுத் துணியில் தைத்த சின்னச் சட்டைகளைக் கொண்டுவந்து போட்டுப் பார்ப்பாள். அன்றைக்கு அவள் மடியில் இருந்தபோது பிள்ளை துணியை நனைத்துவிட்டான். அவளே மாற்றினாள். மாற்றியவள் அப்படியே நின்றாள். துணியைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு மஞ்சளாய், இளக்கமாய், நாற்றமில்லாமல் போகும். இது அப்படியில்லை.

"என்னடி இது," என்றாள் தாழ்ந்த குரலில்.

"வயிறு சரியில்ல அண்ணி."

"மூணு தம்பிங்களுக்குக் கழுவினவ நான். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

துணியைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வந்தார்கள். கடையில் பாதி முகம் சவரமாகி, மீதி முகத்தில் நுரையோடு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். டயர்காரன் உள்ளே வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து துண்டோடு தெருவில் நடந்துவிட்டார். காலியான நாற்காலியில் பெரிய மாமா உட்கார்ந்தார். தையல்காரி கைப்பையைத் திறந்து, சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் அந்தப் பிளாஸ்டிக் பையை வைத்தாள்.

பெரிய மாமா மூக்கைப் பொத்தினார். "இத எதுக்குடி இங்க கொண்டாந்த?"

"சாட்சி."

"சாட்சிய மூடி வை முதல்ல."

பின்னறையிலிருந்து ஐஸ்காரி பிள்ளையோடு வந்து வாசற்படியில் நின்றாள். "பால்தான் மாமா குடிக்கிறான். இது பொய்."

"நான் காட்டுறேன் எது பொய்ன்னு," என்றான் டயர்காரன்.

அவன் சட்டைப் பையில் ஒரு ரொட்டி இருந்தது. வழியில் வாங்கியிருக்க வேண்டும். ஒரே எட்டில் வந்து பிள்ளையைப் பறித்தான். அவள் பாய்ந்தாள். முழங்கையால் அவள் மார்பில் இடித்துத் தள்ளினான். பால் கட்டியிருந்த மார்பு. கண் இருண்டு சுவரில் சரிந்தாள். தடுக்க வந்த அண்ணனைக் காலால் உதைத்தான். அண்ணன் கண்ணாடியில் போய் விழுந்தான். கண்ணாடி நடுவில் பிளந்து, துண்டு துண்டாகத் தரையில் கொட்டியது.

"திங்குறியாடா? அப்பன்கிட்ட திங்க மாட்டியா? தின்னு."

ரொட்டியைப் பிய்த்துப் பெரிய துண்டாகப் பிள்ளையின் வாயில் திணித்தான். பிள்ளை முகத்தைத் திருப்பியது. தாடையை இறுக்கிப் பிடித்து, கட்டைவிரலால் இன்னும் உள்ளே தள்ளினான்.

"பார்த்துக்கங்க மாமா. நல்லாப் பார்த்துக்கங்க."

அழுகை பாதியில் நின்றது. அதுதான் பயங்கரம். வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. சின்னக் கைகள் இரண்டும் காற்றைப் பிறாண்டின. முகம் சிவந்து, கறுத்து, உதடு நீலமாகியது. டயர்காரன் பிள்ளையைக் குலுக்கினான். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஐஸ் பாளத்தை இழுத்துப் பழகிய கை அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. தலை பின்னுக்குச் சாய்ந்ததும் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடித் துண்டுகள் மேலேயே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். முன்கையில் பிள்ளையைக் குப்புறப் போட்டாள். அடித்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள். அந்தச் சின்ன முதுகு அவள் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்தது. அடிபட்டே வளர்ந்த அந்தக் குடும்பத்தில் யாரும் இப்படி ஒரு அடியைப் பார்த்ததில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க, கை மட்டும் நிற்காமல் அடித்தது. மூன்றாவதோ நான்காவதோ அடியில் ஈர ரொட்டித் துண்டு ஒன்று தரையில் வந்து விழுந்தது.

பிள்ளை மூச்சை இழுத்தான். பிறகு வீறிட்டு அழுதான். அந்த அழுகைதான் அவளுக்கு இரண்டாவது பிரசவம்.

அவள் எழுந்தாள். முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்தது. பக்கத்தில் நீட்டிய கைகள் இரண்டு தெரிந்தன. யாருடைய கைகள் என்றுகூடப் பார்க்காமல் பிள்ளையை அவற்றில் வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து கொக்கியை உருவினாள்.

டயர்காரன் சிரிக்கப் பார்த்தான். "என்னடி, படம் காட்டு..."

கொக்கி இறங்கியது. முகத்தை மறைக்கத் தூக்கிய முன்கையில் நுனி நுழைந்தது. பாளத்தை இழுப்பது போலவே இழுத்தாள். அவன் அலறிக்கொண்டு தரையில் புரண்டான். சதை கிழிந்து ரத்தம் நாற்காலியின் கால்வரை தெறித்தது. பெரிய மாமா இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். அண்ணன் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவனையும் இழுத்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள். கொக்கி மறுபடி உயர்ந்தது. இந்த முறை அது கழுத்துக்கு நேராக இருந்தது.

"கொல்லு," என்றாள் தையல்காரி.

எல்லோரும் திரும்பினார்கள். பிள்ளையை மார்போடு அணைத்தபடி அவள் நின்றிருந்தாள்.

"கொல்லுடி. கொன்னுட்டு நீ உள்ள போ. பிள்ளை எனக்குத்தான் வரும். யோசிச்சுக்க."

உயர்ந்த கை உயரத்திலேயே நின்றது. அவள் தையல்காரியைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அவன் அழுது களைத்து அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தான். அந்தக் காட்சி அவள் நெஞ்சில் கொக்கியைவிட ஆழமாக இறங்கியது. விரல்கள் தளர்ந்தன. கொக்கி கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே விழுந்தது.

தையல்காரி ஒரு வார்த்தையும் பேசாமல் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், தான் ஏங்கிய பிள்ளை அன்றைக்கே அவளுக்குக் கிடைத்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

"மாமா," என்றாள் அவள். "பிள்ளை சோறு தின்னலை."

"என்ன?"

"துப்பிட்டான். நீங்களும்தான் பார்த்தீங்க. அதோ கிடக்குது."

"அப்ப இந்தத் துணி?"

"வயித்துப் போக்கு. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

"அக்கா," என்று முனகினான் டயர்காரன்.

"நீ பேசாத. பல்லு முழுசா முளைக்காத பிள்ளை வாயில கட்டைவிரல வச்சுத் தள்ளுறான். இவன் வீட்டுல இந்தப் பிள்ளைய நான் எப்படி வளர்க்கிறது? நான் தைக்கிற நேரத்துல இவன் ஊட்டுவானாம். சவத்துணி தைக்கவா என்னை வளர்க்கச் சொல்றீங்க?"

பெரிய மாமா மெல்லக் காலைக் கீழே இறக்கினார். துணியையும், ரொட்டித் துண்டையும், ரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மாற்ற வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

"பால் குடிக்கிற பிள்ளை," என்றார். "அம்மாகிட்டதான் இருக்கணும்."

டயர்காரன் போலீஸுக்குப் போகவில்லை. டயர் பிரிக்கும்போது இரும்பு வழுக்கிக் கிழித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். பெண்டாட்டி கிழித்தாள் என்று சொல்ல அவனுடைய மீசை இடம் கொடுக்கவில்லை. கை பழைய பலத்துக்கு வரவே இல்லை. கடையைக் கொடுத்துவிட்டு எங்கோ லாரியில் கிளீனராகப் போய்விட்டான் என்று பேச்சு.

ஆனால் அவன் போனபின்னும் அவனுடைய கட்டைவிரல் அந்த வீட்டில் இருந்தது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கரண்டியைக் கண்டால் நடுங்கினான். கிண்ணத்தின் சத்தம் கேட்டால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஐஸ்காரி கெஞ்சினாள், பாடினாள், அழுதாள். திணித்தால் தின்றுவிடுவான் என்று ஒருநாள் அவள் கைகூட அவன் தாடை வரை போய்விட்டது. தன் விரலைத் தானே பார்த்துப் பயந்து இழுத்துக்கொண்டாள்.

"கரண்டியத் தூக்கிப் போடு," என்றாள் அன்றைக்கு வந்திருந்த தையல்காரி. "தட்ட அவன் முன்னாடி வச்சிட்டு வேற வேலையப் பாரு. அவனையே பாத்துக்கிட்டு உட்கார்ந்தா எந்தப் பிள்ளை திங்கும்? எனக்கே இறங்காது."

வெந்த பூசணியை மெத்தென்று விரலளவுக்கு நறுக்கித் தட்டில் வைத்தார்கள். பெண்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனைப் பார்க்காதது போல் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். முதல் நாள் அவன் தட்டைக் கவிழ்த்தான். பிறகொரு நாள் பூசணியைப் பிசைந்து தலையில் தேய்த்துக்கொண்டான். தையல்காரி புதிதாய்த் தைத்துப் போட்ட சட்டை நாசமாயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதற்கும் பிறகு ஒரு காலையில், யாரும் கேட்காமல், பிசைந்த கையை அவனே வாய்க்குக் கொண்டுபோனான். சப்பினான். யோசித்தான். மறுபடி தட்டில் கையை வைத்தான்.

ஐஸ்காரி மூச்சு விடவில்லை. தையல்காரியின் கையை அவள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்றால், அந்தத் தடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது.

அதன்பின் அவன் தின்றான். கிழங்கு தின்றான், முட்டை தின்றான், அண்ணன் வாயிலிருந்து பழத்தைப் பிடுங்கித் தின்றான். பால் குடித்தும் தின்றான், குடிக்காமலும் தின்றான். பல் முளைத்து, நடந்து, ஓடி, கடைக்கு வருகிறவர்களின் செருப்பை ஒளித்து வைக்கிற வயதுக்கு வந்துவிட்டான்.

பெரிய மாமா மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்ள வருவார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒடியாத விரல்களால் அண்ணன் வெட்ட வெட்ட, கடைக்குள் ஒரு கையில் வேகவைத்த சோளக் கதிரோடு ஓடிக்கொண்டிருக்கிற பையனைப் பார்ப்பார்.

"என்னம்மா, பிள்ளை இன்னும் பால்தானா?" என்று கேட்பார்.

"பால்தான் மாமா," என்பாள் தையல்காரி, அவன் தாடையில் ஒட்டிய சோளத்தைத் தட்டிவிட்டபடி.

"சரி சரி," என்று பெரிய மாமா கண்ணை மூடிக்கொள்வார். "காதோரம் கொஞ்சம் குறைச்சு விடுப்பா."